எதுக்குக் குடுக்கறாங்க?

தறிப்பட்டறையில் யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் அந்த அக்கா குடிக்காது. தன் காசில் வாங்கினால் குடிக்கும். அடுத்தவர் காசு என்றால் டம்ளரை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிடும். ஆடை படிந்து ஆறிப்போன பிறகு தறி மேஸ்திரி எடுத்துக் குடிப்பார்.

ஒரு வியாழக்கிழமை முதலாளியே எல்லோருக்கும் டீயும் வெங்காய போண்டாவும் வரவழைத்தார். நாங்கள் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சுடச்சுட எடுத்துக்கொண்டோம். அக்கா தறியைவிட்டு நகரவில்லை. என் கையிலிருந்த போண்டாவை ஒரு பார்வை பார்த்தது.

"எதுக்குக் குடுக்கறாங்க?" என்று என் காதில் கத்தியது. தறிகள் ஓடும் இடத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"சும்மாதானக்கா. நல்ல மனசு."

"நல்ல மனசு வெசாலக்கெழமைதான் வருமாக்கும்?"

நாங்கள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார். ஈரோட்டுக்கு அவசர லோடு, இந்த ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்றார். அக்கா தறிக்குள் ஓடும் நூல் நாடாவை மாற்றிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"போண்டா செரிச்சுதா, அம்மிணி?"

திருச்செங்கோட்டுக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில் இருந்த ஊர் அது. சோளக்காடுகளுக்கு இடையில் சிமென்ட் அட்டை போட்ட தறிப்பட்டறைகள், ஒவ்வொன்றையும் ஒட்டி முதலாளிகள் கட்டிவிட்ட லைன் வீடுகள் வரிசையாக. எனக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே வரமிளகாய் வறுத்தால் இங்கே எங்களுக்கு இருமல் வரும். நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தோம். பிறகு அவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடத்தில் வேலை கிடைத்து வந்துவிட்டோம். அந்த ஊரில் நினைக்கத் தகுந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் யாராவது எதையாவது இலவசமாக நீட்டினால் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் முன்னால் வருகிறது.

எங்கள் பக்கத்தில் தறிக்கு ஆள் சேர்க்கும்போது முதலாளி ஒரு தொகை கொடுப்பார். மற்ற ஊரில் முன்பணம் என்பார்கள். எங்களூரில் அதற்குப் பெயர் பாக்கி. கொடுக்கும்போதே பாக்கி. வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கட்டும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாரக் கூலியில் பிடித்தது போக மிச்சத்தில் சாப்பிட வேண்டும். ஆஸ்பத்திரி, சீர், காது குத்து என்று ஏதாவது வந்தால் மறுபடியும் அதே முதலாளியிடம்தான் போய் நிற்க வேண்டும். அவரும் முகம் சுளிக்காமல் கொடுப்பார். கொடுக்கக் கொடுக்க ஆட்கள் நகர மாட்டார்கள் அல்லவா.

அக்கா தறிக்கு வந்த கதையை ஒரு தடவை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னது, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

"கண்ணாலம் பண்ணி வந்த புதுசு. எங்க நாத்தனா கண்ணாலத்துக்கு எங்கூட்டுக்காரரு பாக்கி வாங்கியிருக்காரு. ஒத்தை ஆளுக்கு அவ்வளவு குடுக்க மாட்டாங்க, ஜோடியா வந்தாத்தான் குடுப்பாங்க. எம்பேரையுஞ் சேத்திச் சொல்லிட்டாரு. விடிஞ்சதும் மாமியா 'பட்டறைக்குக் கெளம்பு'ன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். உம்பேர்ல காசு வாங்கியாச்சுன்னாங்க." முறத்தை ஒரு தட்டுத் தட்டியது. "அந்த நோட்ட நான் கண்ணுல பாக்கல, அம்மிணி. ஆனா நாந்தான் வாங்குனதாம்."

இந்தச் சந்தேகம் எப்போதும் நல்லதையே செய்தது என்று சொல்ல மாட்டேன். அக்காவுக்கு ஒரே மகள். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். காசு வாங்காமல் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று அக்கா எல்லாவற்றையும் பிடுங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் திட்டினார். அதன் பிறகும் அக்கா நேராகக் கொடுக்கவில்லை. ஒரு மாத்திரையை என் கையில் கொடுத்து முழுங்கச் சொன்னது. சாயந்திரம் வரை என்னைக் கவனித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மகளுக்குக் கொடுத்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து ஒரு நாள்கூட மாத்திரை தவறியதில்லை.

பெண்களுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு வந்தபோது லைனில் எல்லோரும் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் அசையவில்லை. முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பதிவு செய்ய உட்கார்ந்திருந்தவள் காலேஜ் படிக்கிற பெண் போல இருந்தாள். அக்கா அவள் எதிரில் உட்கார்ந்து அட்டைகளைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டது.

"இத எப்பக் கண்ணு திருப்பிக் கட்டோணும்?"

"கட்ட வேண்டாங்க."

"அப்ப என்ன வேல செய்யோணும்?"

"ஒண்ணுஞ் செய்ய வேண்டாங்க்கா."

"ஒண்ணுஞ் செய்யாததுக்கு எவங் குடுப்பான்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் பொறுமையானவள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஊட்டுல சோறாக்கறீங்க, புள்ளைய வளத்தறீங்க, துணி தொவைக்கறீங்க. அதுக்கெல்லாம் யாருங் கூலி குடுக்கலீங்ளே. அதுக்குத்தாங்க்கா இது" என்றாள்.

அக்கா மடியிலிருந்த அட்டைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தது. பிறகு கேட்டது: "அந்த வேலைய நான் கண்ணாலம் ஆன நாள்லருந்து செய்யறேன். அப்படீன்னா அவங்கதான் எனக்குப் பாக்கியா?"

அந்தப் பெண் மூடி வைத்த பேனாவை மறுபடியும் திறந்தாள். அக்கா அட்டைகளை மேஜைமேல் வைத்தது. நான் விவரங்களை எழுதினேன். நூறு நாள் வேலைக்கு ஆரம்பித்த பாஸ்புக்கில் இருந்த கணக்கைக் கொடுத்தோம். வீடு திரும்பும்போது, "வாங்கறேன்னு நெனைக்காத. எளுதி வெச்சிருக்கேன், அவ்வளவுதான். எவன் வசூலுக்கு வாறான்னு பாக்கோணும்" என்றது.

பணம் வர ஆரம்பித்தது. எங்கள் லைனில் ஒருத்தி அதில் கேஸ் சிலிண்டர் வாங்கினாள். ஒருத்தி மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினாள். எதிர் வீட்டில் புருஷன் அன்றைக்கே பிடுங்கிக் குடித்துவிட்டு வந்து, பணம் கொடுக்கிறவர்களை வாழ்த்தியபடி வாசலில் படுத்துக்கிடந்தான். எனக்கு அது என்ன செய்தது என்றால், மாசக் கடைசியில் மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது நின்றது. சின்ன விஷயம்தான். ஆனால் கடைக்குத் தலை நிமிர்ந்து போக முடிந்தது.

அக்கா அந்தப் பணத்தைத் தொடவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றுவிட்டது. எங்களை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தது, அன்றைக்கு மாத்திரை முழுங்கின என்னைக் கவனித்தது போலவே. "யாராச்சும் ஆள் வந்து கேட்டாங்களா?" என்று மாதாமாதம் விசாரிக்கும். இல்லை என்றால், "வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஆள் வந்தது. தீபாவளி போனஸைக் குறைத்துக் கொடுத்த முதலாளி, "உங்களுக்குத்தான் மாசாமாசம் வருதே, இன்னும் என்ன" என்று சிரித்தார். கூலி ஏற்றிக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த ஆண்கள் அடங்கிவிட்டார்கள். குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் பைக்கில் வந்து, தவணைக்கு இந்த ஆயிரம் சரியாக இருக்கும் என்று கணக்குச் சொல்லி எங்கள் லைனில் மூன்று பேரைச் சேர்த்தார்கள்.

"பாத்தியா, வசூலுக்கு வந்தாச்சு. வேற மூஞ்சியில வந்திருக்காங்க" என்றது அக்கா. எனக்கு அது சொன்னதில் பாதி சரி என்றுதான் தோன்றியது.

மகள் பன்னிரண்டாவது முடித்தாள். நல்ல மார்க். பி.காம் படிக்க வேண்டும் என்றாள். அக்காவின் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிப்பார், அடிக்க மாட்டார். ஆனால் முதலாளி ஏற்கெனவே அவரிடம் பேசிவிட்டிருந்தார். பிள்ளையைத் தறிக்கு அனுப்பினால் அவள் பேரில் நல்ல தொகை தருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. மறுநாள் என்னிடம் வந்து, "அந்தக் காசு கெடக்குதல்ல, அத எடுக்கலாம் வா. காலேசுக்கு எளுதிப் போடோணும்" என்றது.

கைரேகை வைத்தால் பணம் கொடுக்கும் தம்பி ஒருவன் வேப்பமரத்தடியில் மெஷினோடு உட்கார்ந்திருப்பான். அக்கா கட்டை விரலை முந்தானையில் துடைத்து வைத்தது. தறியில் தேய்ந்த ரேகை, நாலைந்து தடவை வைத்த பிறகுதான் எடுத்துக்கொண்டது. அவன் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"காசில்லீங்க்கா."

"வரலையா?"

"வந்திருக்குதுங். மாசாமாசம் வந்திருக்குது. வந்த மறுநாளே ஏ.டி.எம்.ல எடுத்திருக்காங்க."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

"நீதானே எளுதுன?"

"அக்கா, உம் புஸ்தகத்துல இருந்ததத்தான எழுதுனேன்?" என்றேன். அது காதில் வாங்காமல் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். லைனில் மற்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். செய்யாத திருட்டுக்குத் தலை குனிந்து நடப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்த அக்காவை வெறுக்கக்கூட ஆரம்பித்தேன். காசு கொடுக்கிறவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்து, எடுக்கிறவர்கள் யார் என்று பார்க்காமல் விட்டது யார் குற்றம்?

மெஷின் தம்பியிடமே திரும்பத் திரும்பப் போய், எந்தப் பேங்க், எந்தக் கணக்கு என்று விசாரித்து அக்கா தானாகத்தான் கண்டுபிடித்தது. நோட்டு செல்லாமல் போன சமயத்தில் முதலாளி தறிக்காரர்கள் சிலரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் பேங்கில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருந்தார். ஏ.டி.எம். கார்டெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார். செல்போன் நம்பரும் அவருடையதுதான். மற்றவர்கள் பிறகு வேறு கணக்குக்கு மாறிவிட்டார்கள். அக்கா பேங்க் பக்கமே போகாததால் அதன் ஆதார் முதலாளி ஆரம்பித்த அந்தக் கணக்கோடே கிடந்திருக்கிறது. ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேதான் அரசாங்கப் பணம் போய் விழும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. முதலாளியின் போனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் பட்டறையில் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. காது அடைத்துக்கொண்டது போன்ற அமைதி. முதலாளி மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா தன் தறியிடம் நின்றபடியே கேட்டது. கத்தவில்லை. கத்தத் தேவையும் இல்லை.

"ஏனுங் மொதலாளி, எம்பேர்ல வர்ற காசு உங்க கைக்கு எதுக்குங் வருது?"

எல்லோரும் திரும்பினோம். அக்காவின் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

முதலாளி நிதானமாகச் சொன்னார்: "உன்ற பாக்கியிலதான் கழிச்சுட்டு இருக்கறேன். எங்கேயும் போயிடல."

"எவ்வளவுங் கழிஞ்சுருக்குது?"

"அது... வட்டிக்குச் சரியாப் போயிருக்கும்."

"பாக்கிக்கு எந்தக் காலத்துலீங் வட்டி? வட்டியில்லாமக் குடுக்கறேன்னு தானுங்க இத்தன வருசமாப் பெரும பேசறீங்க?"

மூத்த தறிக்காரர் ஒருவர் மெதுவாக, "அது நாயந்தானுங்க" என்றார். முதலாளியின் முகம் சிவந்தது. எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஓட ஆரம்பித்தன. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அக்கா திரும்பிக்கொண்டு அறுந்த இழையை முடிந்தது.

மறுநாள் மேஸ்திரி மூலமாக ஏ.டி.எம். கார்டு திரும்பி வந்தது. எடுத்த பணம் வரவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. சாயந்திரம் அக்கா என் வாசலில் வந்து நின்றது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "திருச்செங்கோட்டுப் பேங்குக்குப் போகோணும். கூட வாரியா?" என்றது. நான் வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தேன். அது போகாமல் நின்றது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு நானும் போனேன். புதுக் கணக்கு, புது நம்பர், மகளின் போன். பேங்க் அம்மா நீட்டிய ஒவ்வொரு தாளையும் நான் முழுதாக வாசித்துக் காட்டிய பிறகே அக்கா கையெழுத்துப் போட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டோடு லைனுக்கே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை மறந்துவிடலாம் என்றார். தட்டில் வெற்றிலைமேல் நோட்டுக் கட்டு. அவ்வளவு பணத்தை ஒன்றாக எங்கள் லைனில் யாரும் பார்த்ததில்லை. மகளின் பாக்கி.

"பெரிய மனுசன் ஊடு தேடி வந்து குடுக்கறாரு. எங்கம்மா ஊட்டுக்கு ஓடு மாத்தலாம், கடன அடைக்கலாம்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவர் குரலில் பேராசை இல்லை. களைப்புதான் இருந்தது. கை தட்டை நோக்கிப் போனது.

உள்ளே மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் கதவு விளிம்பில் தெரிந்தன.

அக்கா தட்டை எடுத்தது. அவர் கைக்குக் கொடுக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். நேராக வெளியே நடந்து முதலாளியின் வண்டி சீட்டில் வைத்தது.

"எடுத்துட்டுப் போயிருங்க. இங்க வாங்க ஆளில்ல."

"அப்ப உன்ற பாக்கியக் கட்டிட்டு இன்னைக்கே ஊட்டக் காலி பண்ணு" என்றார் முதலாளி.

"எம்பாக்கிக்கு நான் வாரனுங்க. விடிஞ்சா தறியில நிப்பேன். அவ பேர்ல பாக்கி கெடையாது. என்னைக்கும் கெடையாது."

நல்ல தறிக்காரியை விட எந்த முதலாளிக்கும் மனம் வராது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு வாரம் அதன் கையால் சோறு வாங்கி உண்ணவில்லை. பிறகு பசித்தது, உண்டார். மகள் சேலத்தில் காலேஜ் விடுதியில் சேர்ந்தாள். மாதாமாதம் அந்த ஆயிரம் வந்த அன்றைக்கே அக்கா எடுத்து, அன்றைக்கே பஸ் ஏறிப் போய் விடுதியில் கட்டிவிடும். ஒரு ராத்திரிகூட அதை வீட்டில் வைத்ததில்லை.

நாங்கள் நாமக்கல் வந்த பிறகு, மாரியம்மன் நோம்பிக்கு அந்த ஊருக்கு ஒரு தடவை போயிருந்தேன். அந்த மாதம் பணம் சொன்ன நாளில் வரவில்லை. நிறுத்திவிட்டார்கள், பேரை எடுத்துவிட்டார்கள் என்று வேப்பமரத்தடியில் பெண்கள் அந்தத் தம்பியைச் சுற்றி நின்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். குழுக் கடன் வாங்கிய ஒருத்தி அழுதேவிட்டாள். அக்கா துணிப்பையோடு பஸ்ஸுக்கு நின்றது. மகளைப் பார்க்கப் போகிறதாம். தலை நன்றாக நரைத்திருந்தது.

"உனக்குப் பயமில்லையாக்கா?"

"நான் என்னைக்கு அது வரும்னு நம்பிட்டு இருந்தேன், இன்னைக்கு வல்லைன்னு அழுக? காலேசுப் பீசு இந்தப் பருவத்துக்குக் கட்டியாச்சு. இனி ஒரு வருசம். குடுத்தா அதுல ஓடும். இல்லாட்டி ஞாயித்துக்கெழமையும் தறியில நிக்கறேன்."

"இத்தன நாள் வாங்கியும் உனக்கு அவங்க மேல நம்பிக்க வல்லையா?"

"வல்ல." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தது. "ஆனா நம்பாமயே வாங்கிக்கலாம், அம்மிணி. அது எனக்கு முன்னமே தெரியாமப் போச்சு."

சேலம் பஸ் நிறையக் கூட்டத்தோடு வந்தது. அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் முண்டி ஏறிவிட்டது.